ஆசன வெப்பத் திட்டம்

இல்லையில்லை, பழைய காருக்கு சீற் ஹீற்றர் போடேலாது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? எந்தக் காருக்கும் போடலாம். சீற்றின்ர உறையைக் கழட்டி, உள்ளுக்கை இருக்கிற நுரைக்கு மேலை ரெண்டு மெல்லிய ஹீற்றர்ப் பாயை ஒட்டி, ஒரு பியூஸ், ஒரு றிலே, ஒரு சுவிச். அவ்வளவுதான். நான் ஒஸ்லோவுக்குக் கிட்ட, ஸ்ட்ரோம்மனிலை ஒரு வேர்க்ஸ்டெட்டிலை, அதுதான் கராஜிலை, கார் வேலை பழகுறன், இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வன். சிக்கல் காரிலை இல்லை. அந்தக் கார் ஆரின்ர எண்டதிலைதான் சிக்கல்.

கார் மன்றத்தின்ர. முழுப்பேர் வடதுருவத் தமிழ் மூத்தோர் நலன் மற்றும் பண்பாட்டுப் பெருமன்றம். அந்தப் பேரை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவரைத்தான் தலைவராக்கிறவை எண்டு நினைக்கிறன், வேறை காரணம் எனக்குத் தெரியேல்லை. கார் ஒரு சிவப்பு ஸ்ரேசன் வாகன், 2004 மொடல். நோர்வேயிலை வித்த கார் எண்டா ஹீற்றரோடைதான் வரும்; இது ஜெர்மனியிலை ஆரோ பாவிச்சு விட்டது, அதாலைதான் சீற்றுக்குள்ளை ஒரு வயரும் இல்லை. அன்பளிப்புச் செய்த குடும்பத்தின்ர பேரைப் பின்கண்ணாடி முழுக்க வெள்ளை எழுத்திலை எழுதியிருக்கு. பின்னாலை பஸ் வருதோ இல்லையோ எண்டு நான் 'குடும்பத்தினர்' எண்ட சொல்லுக்கு நடுவிலை இருக்கிற ஓட்டைக்குள்ளாலைதான் பாக்கிறனான்.

சனிக்கிழமையிலை வயசான ஆக்களை ஏத்திக்கொண்டு ஸ்ட்ரோம்மனிலை இருக்கிற மன்ற மண்டபத்துக்கு விடுறது என்ர வேலை. 'ஆராவது ஓடுவியளோ' எண்டு கேக்கேக்கை நான்தான் போனைப் பாத்துக்கொண்டு ஓம் எண்டனான். என்ர சொந்தக் கார் எஞ்சின் இல்லாமல் ஹொல்ம்லியாவிலை தூங்குது, அது வேறை கதை.

விசயம் பூமணி அன்ரி. ஹவுகன்ஸ்டுவாவிலை புளொக்கிலை தனிய இருக்கிறா. மகன் பேர்கனிலை. கிழமையிலை ஒருக்காத்தான் வெளியிலை வாறவ, அதுவும் இந்தச் சனிக்கிழமைக்கு. பாவம் எண்டு நினைச்சிடாதேங்கோ. 304 எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடேக்கை துரும்பை மாத்தி வைப்பா, பிடிபட்டா 'எனக்குக் கண் தெரியாதெல்லோ' எண்டுவா, அடுத்த ஆட்டத்திலை எதிராளின்ர கையையே படிச்சுச் சொல்லுவா. அவவுக்கு இடுப்பிலை ஒப்பரேசன் செய்து இரும்பு வைச்சிருக்கினம். இந்தக் குளிர் தொடங்கேக்கை ஒருநாள் முன் சீற்றிலை இருந்தவுடனை எழும்பிட்டா.

"எடியே ஆரபி, இது சீற்றோ, பிரேதம் வைக்கிற தட்டோ?"

"ஹீற்றர் போட்டிருக்கிறன் அன்ரி, கொஞ்சத்திலை சூடாகும்."

"காத்துச் சூடாகும். நான் காத்திலையோ இருக்கிறன்? குளிர் வந்து முதல் இரும்பைத்தான் பிடிக்கும் பிள்ளை."

சரியாத்தான் சொன்னவ. இரவு முழுக்க அந்த நுரை குளிரைக் குடிச்சுப்போட்டு இருக்கும், காலமை எவ்வளவு ஹீற்றர் விட்டாலும் அது விடாது. தலகாணி வைச்சுப் பாத்தம், பெல்ற் கழுத்தை அறுத்தது. கம்பளி விரிச்சம், இறங்கேக்கை வழுக்கி விழப் பாத்தா. கடைசியிலை, "சீற் சூடாகினால் சொல்லு, வாறன். அதுமட்டும் நான் சுவரோடை கதைக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை போயிட்டா. 304 க்கு நாலு பேர் வேணும். மிச்ச மூண்டு பேரும் மண்டபத்திலை இருந்து ஆளையாள் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சினம்.

இந்த நேரம் பாத்து வேர்க்ஸ்டெட்டிலை ஒரு சீற் ஹீற்றர் செற் மிஞ்சினது. ஆரோ ஓடர் பண்ணிப்போட்டு எடுக்க வரேல்லை. முதலாளி சும்மா தந்திட்டார். மன்றக் காரின்ர சீற்றுக்குள்ளை எயார்பாக் வயர் இல்லை எண்டும் பாத்திட்டன். அப்ப எனக்கு வேண்டியது ஒரு ஓம் மட்டும்தான். நான் மன்றத்துக் குழுக் கூட்டத்துக்குப் போனன். போகாமலே போட்டிருக்கலாம். இப்ப சொல்லி என்ன.

கூட்டம் எண்டா முதல் விளக்கேத்தல், பிறகு மௌன அஞ்சலி, பிறகு வரவேற்புரை. இருந்தது ஒன்பது பேர், வரவேற்ற ஆளும் அதுக்குள்ளை ஒராள். பிறகு நான் எழும்பி, "மன்றக் காரின்ர முன் சீற்றுக்கு ஹீற்றர் போடட்டோ? சாமான் சும்மா கிடைச்சது, போடுறதும் நான்தான்" எண்டன்.

செயலாளர் அருளானந்தன் அங்கிள் கண்ணாடியைக் கழட்டினார். "தங்கச்சி, இலவசம் எண்டால் எப்பிடி? அன்பளிப்புச் செய்தவர் இல்லாட்டி ஆருக்குப் பொன்னாடை போத்துறது?"

"எனக்கு" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். பகிடி எண்டு நினைச்சிட்டினம்.

பிறகு தலைவர் சோதிலிங்கம் அங்கிள் எழும்பினார். வீட்டிலை எங்களை மாதிரித்தான் கதைப்பார். ஆனால் மைக் முன்னாலை நிண்டா வேறை ஆள். அண்டைக்கு மைக்கும் இல்லை, மேசையிலை ஒரு தண்ணிப் போத்தில்தான் இருந்தது, அதுக்குக் கிட்டப்போய் நிண்டு தொடங்கினார்.

"அன்பார்ந்த தமிழ்ப் பெருமக்களே. குளிர் என்பது வெறும் குளிர் அல்ல. அது நாம் கடந்து வந்த பாதை. நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலே சப்பாத்துக்குள் பத்திரிகையைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனவன். இன்றைய தலைமுறை இருக்கும் இடத்திலேயே வெப்பம் கேட்கிறது. நாளை எதைக் கேட்கும்? நான் அனுபவமில்லாமல் பேசவில்லை. எனது சொந்த வாகனத்திலே முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது, கை பிடிக்கும் வளையத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அனுபவிக்கிறேன். அந்த அனுபவத்திலே சொல்கிறேன், அது மனிதனைச் சோம்பேறியாக்கும்."

கை தட்டினம். நானும் தட்டினன் போலை கிடக்கு, பழக்கதோசம்.

உடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது, அப்பிடிச் சொன்னா மன்றம் வேலையில்லாமல் இருக்குது எண்டு சனம் நினைக்கும் எண்டு செயலாளர் சொன்னார். அதாலை ஒரு பரிசோதனை உபகுழு. அடுத்த கூட்டத்துக்கு நான் பாயையும் ஒரு கார் பற்றரியையும் கொண்டு போய், மண்டபத்துக் கதிரையிலை விரிச்சுக் கொளுவிக் குடுத்தன். தலைவர்தான் முதல் இருக்கோணும், முறை அதுதானாம். இருந்தார். செயலாளர் பரிசோதனையின்ர நோக்கத்தைப் பற்றி உரை நிகழ்த்தத் தொடங்கினார். உரை பாதியிலை நிக்கேக்கை தலைவர் வாயைத் திறந்து நித்திரை. குறட்டை. ஒருத்தரும் எழுப்பேல்லை, எழுப்புறதுக்கு ஆருக்கு அதிகாரம் எண்டு மன்றத்துச் சட்ட யாப்பிலை இல்லை. உரை முடிஞ்ச கைதட்டலுக்குத்தான் முழிச்சவர்.

"மிகவும் ஆபத்தானது. ஒரு கணம் நான் சமூகச் சிந்தனையையே இழந்துவிட்டேன்" எண்டார்.

பிறகு கதிரையை விட்டு எழும்ப மாட்டன் எண்டிட்டார். ஆபத்தை இன்னும் கொஞ்சம் ஆராயோணுமாம்.

இனித்தான் பெயர். உண்மையா, இந்தக் கட்டத்திலை எனக்குக் கோபம் கூட வரேல்லை, என்ன நடக்குது எண்டே விளங்கேல்லை. ஒரு சாமானுக்குத் தமிழிலை பேர் இல்லாமல் அதுக்கு ஓம் சொல்லக்கூடாதாம். சொல்லாக்க உபகுழு கூடினது. நான் 'சேத்தவார்ம' எண்டு நோர்வேஜியனிலை சொன்னன், இஞ்சை பச்சைப்பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல். முறைச்சினம். சரி, 'கதிரைச் சூடு' எண்டன். கதிரை போர்த்துக்கேயன்ர சொல்லாம். அதோடை மன்றத்திலை கதிரை, சூடு ரெண்டும் சேந்து வந்தா சனம் பதவிச் சண்டை எண்டு அர்த்தம் எடுக்குமாம். 'இருக்கை வெப்பம்' எண்டு ஒருத்தர். ஐயோ, இருக்கை எண்டாலே ஏதோ பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கைக்குக் காசு சேக்கிறம் எண்டு சனம் கதவைப் பூட்டிடும் எண்டு இன்னொருத்தர்.

தமிழ்நாட்டிலை இருந்து வேலைக்கு வந்த ஒரு அண்ணா அண்டைக்கு வந்திருந்தவர். "சீட் ஹீட்டர்னே வச்சுடுங்களேன் சார், எல்லாருக்கும் புரியும்ல" எண்டார். அவரை ஒரு வருத்தக்காரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தினம்.

முடிவிலை செயலாளர் கண்டுபிடிச்சது 'ஆசன வெப்பம்'. தூய தமிழ் எண்டு மூண்டு தரம் சொன்னார்.

"ஆசனமே சமஸ்கிருதம் சார்" எண்டார் அந்த அண்ணா.

அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரேல்லை.

இப்ப உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்லை, நான் இஞ்சை பிறந்தனான், ஆசனம் எண்டா இருக்கிறது எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். அம்மா வட்ஸ்அப்பிலை வந்த நோட்டீசைப் பாத்துப்போட்டு மா குழைச்ச கையோடை நிலத்திலை இருந்து சிரிச்சா. 'முதியோர் ஆசன வெப்பத் திட்டம். எமது மூதாட்டி ஒருவரின் நீண்டகால ஆசன வெப்பத் தேவைக்கு மன்றம் தீர்வு காண்கிறது.' கீழை தலைவரின்ர படம், கை கூப்பிக்கொண்டு.

"எடி, ஆசனவாய் எண்டும் ஒண்டிருக்கு, இது மூலச்சூடு எண்டெல்லோ சனம் வாசிக்கும்" எண்டா அம்மா.

வாசிச்சுது. செயலாளருக்கு ஒரே போன். மோர் குடிக்கச் சொல்லுங்கோ, கோழி இறைச்சியை நிப்பாட்டச் சொல்லுங்கோ, கனநேரம் கக்கூசிலை இருக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. 'மூதாட்டி ஒருவர்' எண்டா அது ஆர் எண்டு ஒஸ்லோவிலை ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் தெரியும், ஏனெண்டா மன்றக் காரிலை வராமல் விட்டது ஒராள்தான். பூமணி அன்ரி எனக்குப் போன் எடுத்தா.

"கதவு மணி அடிச்சுது. திறந்தா ஒருத்தி கருணைக்கிழங்கு அவிச்சுக்கொண்டு வந்து நிக்கிறாள். எனக்கு மூலமெண்டு ஊர் முழுக்க நோட்டீஸ் அடிச்சிருக்கிறாங்களாம். எடியே, நான் கேட்டது என்ன?"

"சீற் ஹீற்றர், அன்ரி."

"நான் இனி எந்த முகத்தோடை அங்கை வந்து காட்ஸ் விளையாடுறது?"

"கிழங்கு என்ன மாதிரி?" எண்டு கேட்டன்.

"உப்புக் காணாது" எண்டா. போனை வைச்சிட்டா.

நான் செயலாளரிட்டைப் போய், பேரை மாத்தி ஒரு நோட்டீஸ் விடுங்கோ எண்டன். விட்டா மன்றம் பிழை விட்டதா ஆகிடுமாம். மன்றம் பிழை விடுறதெண்டா அதுக்கும் ஒரு தீர்மானம் வேணுமாம். அதைவிடப் பெரிய வேலை ஒண்டிலை அவர் நிண்டார். ஓம் இன்னும் வரேல்லை, ஆனால் திறப்பு விழா எடுக்கிறதெண்டு முடிவாம், அதுக்கு ஒரு வெள்ளைக்காரரை முன்வரிசையிலை இருத்தோணும். அதில்லாட்டிப் படம் எடுபடாது. பீடெலிலை, அதுதான் எங்கட பகுதி நிர்வாகத்திலை, வயசான ஆக்களின்ர விசயம் பாக்கிற எம்மாவுக்கு அவர் தானே நோர்வேஜியனிலை ஒரு மெயில் எழுதினார். 'சேத்தவார்ம' எண்ட சாதாரணச் சொல்லைப் போட மனம் வரேல்லை. 'ஆசன வெப்பம்' எண்டதைச் சொல்லுக்குச் சொல்லு பிரிச்சு மொழிபெயர்த்தார். இப்ப பாருங்கோ, நோர்வேஜியனிலை 'சேத்த' எண்டா கார் சீற்றும்தான், மனிசரின்ர பின்பக்கமும்தான். அந்த மெயிலைத் தமிழாக்கினா இப்பிடி வரும்: 'எங்கள் முதியவர்கள் குளிர்காலத்தில் பின்பக்கத்து வெப்பம் தொடர்பாகப் பெரும் துன்பம் அடைகிறார்கள். இதற்கு விழா எடுக்கிறோம். தாங்கள் வந்து திறந்து வைக்க வேண்டும்.'

எம்மா நல்ல பிள்ளை. விழா மட்டும் பொறுக்காமல், ஒரு நேர்சையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தா.

நான் வாசலிலை நிக்கேக்கை தலைவர் அந்த நேர்சைத் தனிக் கதிரையிலை இருத்திப்போட்டுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறார். ஹீற்றர் பரிசோதிக்க வந்த அதிகாரி எண்டு நினைச்சிருக்கிறார். நேர்ஸ் குரலைத் தாழ்த்தி, நோர்வேஜியனிலை பக்குவமாக் கேக்கிறா.

"உங்களுக்கும் இருக்குதோ?"

"ஓம், முன்னுக்கும் பின்னுக்கும்."

"எவ்வளவு காலமா?"

"வாங்கின நாள் தொடக்கம்."

நேர்ஸ் கொஞ்சம் யோசிச்சா. "எரிவு இருக்குமோ?"

"கடைசி லெவலிலை விட்டா மட்டும்தான். நான் நடு லெவலிலைதான் வைக்கிறனான். மனிசிக்குக் கூட வேணும்."

"மனிசிக்கும் இருக்குதோ?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே எடுத்தது."

நான் எம்மாவை ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போய் விசயத்தைச் சொன்னன். அவ சால்வையாலை வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டா. தோள் ரெண்டும் குலுங்கினது. பிறகு கண்ணைத் துடைச்சுப்போட்டு, "அந்த அம்மாவுக்குக் குளிருதெண்டா போட வேண்டியதுதானே" எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. ஆரும் சொல்லக்கூடிய வசனம். எங்கட அம்மாவும் சொன்ன வசனம்தான், ஆனால் அம்மா தமிழிலையெல்லோ சொன்னவ.

தலைவருக்கு அது காதிலை விழுந்தது. "பீடெல் அனுமதி தந்திட்டுது" எண்டு மண்டபம் முழுக்கச் சொன்னார். நேர்ஸ் குடுத்த மூலவியாதித் துண்டுப்பிரசுரத்தை, அரசாங்கச் சான்றிதழ் எண்டு கண்ணாடிச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேலை வைச்சிருக்கினம். அதிலை ஒரு படமும் இருக்கு. ஒருத்தரும் உத்துப் பாக்கேல்லை.

நான் அந்தப் பின்னேரமே போட்டு முடிச்சன். ரெண்டு மணித்தியாலமும் போகேல்லை. உறை ஒரு சுருக்கமில்லாமல் வந்தது. சுவிச்சிலை செம்மஞ்சள் லைற், அமத்தினா நுரைக்குள்ளாலை மெல்ல மெல்ல ஏறி வாற அந்தச் சூடு, சத்தியமா, புதுக்காரிலை கூட அப்பிடி வராது. பூமணி அன்ரிக்குப் போன் எடுத்தன்.

"அன்ரி, சீற் சூடு."

"சனம் என்ன கதைக்குது?" எண்டு கேட்டா.

"சனம் கதைக்கட்டும். மூண்டு பேரும் நாலாவது ஆளில்லாமல் செத்துக்கொண்டிருக்கினம்."

"சரி, சனிக்கிழமை வா. பச்சைச் சீலை கட்டுறன்" எண்டா.

அதுக்கு முதல் விழா நடந்தது. நாடா வெட்டி, சீற்றுக்குச் சந்தனப் பொட்டு வைச்சு, சூட்டிலை அது காய்ஞ்சு உறையிலை பிடிச்சிட்டுது, நான் பிறகு பிறஸ்ஸாலை தேய்ச்சது வேறை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. ஒருத்தரும் பூமணி அன்ரியின்ர பேரைச் சொல்லேல்லை. தலைவர்தான் முதல் இருந்து காட்டினார். எல்லாரும் படம் எடுத்தினம். படம் எடுத்து முடிஞ்சும் இறங்கேல்லை.

அடுத்த நாள் தலைவரிட்டையிருந்து எனக்கு மெசேஜ் வருது. சனிக்கிழமை, மற்ற ஆக்களுக்கு முதல், லோரன்ஸ்கூக்குக்கு வந்து தன்னை ஏத்தட்டாம். சனிக்கிழமை போனா, அவரின்ர சொந்தக் கார் வாசலிலை நிக்குது, முன்னுக்கும் பின்னுக்கும் கை வளையத்திலையும் சூடோடை. "அது தனிப்பட்டது பிள்ளை. இது பொதுச்சொத்து. பொதுச்சொத்தைத் தலைவர் மேற்பார்வை செய்யாட்டி ஆர் செய்யிறது?" எண்டு சொல்லிக்கொண்டே முன்னுக்கு ஏறி, சுவிச்சை அமத்திப்போட்டுக் கண்ணை மூடினார்.

ஹவுகன்ஸ்டுவாவிலை பூமணி அன்ரி கீழை வந்து நிண்டா. பச்சைச் சீலை, அதுக்கு மேலை தடிச்ச ஜக்கெற், கையிலை காட்ஸ் பெட்டி. முன்கதவைத் திறந்தா. திறந்தபடி நிண்டா.

"தம்பி சோதி, இறங்கும்."

"அம்மா பின்னாலை ஏறுங்கோ, வடிவா இடம் கிடக்கு."

"பின்னாலை சூடோ?"

"பின்னாலை நல்ல விசாலம்."

"இது எனக்கெண்டு போட்டதெல்லோ."

அவர் சிரிச்சார், நல்ல அன்பாத்தான் சிரிச்சார், அதுதான் எனக்கு இன்னும் தாங்கேலாமல் கிடக்கு. "அம்மா, தனி ஆளுக்கெண்டு மன்றம் ஒண்டும் செய்யிறேல்லை. இது சமூகத்துக்கு. நான் சமூகத்தின்ர சார்பிலைதான் இருக்கிறன்."

நான் சொன்னன், "அங்கிள், அவவுக்கு இடுப்பிலை இரும்பு. நீங்கள் பின்னாலை வாங்கோ." தலைவர் பின் சீற்றிலை வந்து இறங்கினா மண்டபத்திலை சனம் என்ன நினைக்கும் எண்டு என்னைக் கேட்டார். உண்மையாத்தான் கேட்டார், பதில் எதிர்பாத்துக்கொண்டு.

பூமணி அன்ரி கதவைச் சாத்தினா. அடிச்சுச் சாத்தேல்லை. லிப்ற் பக்கம் திரும்பி, இடுப்பை ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு, பனிக்குள்ளாலை நடந்து போயிட்டா.

அப்ப நான் என்ன செய்தனான் தெரியுமோ? இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, ஏதோ பாக்கிற மாதிரி நிண்டு, ஹீற்றரின்ர பியூசைப் புடுங்கிப் பொக்கற்றுக்குள்ளை போட்டன். சுவிச்சின்ர லைற்றுக்கு வேறை வயர், அது எரிஞ்சபடி இருந்தது. பிறகு காரை எடுத்தன். கொஞ்சத் தூரம் போகத் தலைவர் கையைத் தொடையிலை தேய்ச்சார். லைற்றைப் பாத்தார். "என்ன இதம்" எண்டார். லோரன்ஸ்கூக் தாண்டவும் "என்ன இதம்" எண்டார். ஸ்ட்ரோம்மனிலை இறங்கேக்கை மூக்கு நுனி சிவந்து, பல்லுக் கிட்டினபடி, "இண்டைக்குக் கொஞ்சம் கூடச் சூடு, பிள்ளை, அடுத்த முறை குறைச்சு வையும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

அதிலைதான் எனக்கு மூளை ஓடத் தொடங்கினது. முன் சீற்றிலை இருக்கிற பாயைக் கழட்டிப் பின் சீற்றுக்கு மாத்தலாம், வலப்பக்கம், பூமணி அன்ரிக்கு ஏற லேசு. வயரைக் கம்பளத்துக்குக் கீழாலை கொண்டு போனா ஒருத்தருக்கும் தெரியாது. முன்னாலை லைற் மட்டும் எரியும். அவருக்கு லைற் காணும், எத்தினை வருசமும் லைற்றிலையே இருப்பார். அன்ரியிட்டை நேற்றுச் சொன்னனான். முதல் பேசினா, "அந்த எருமைக்குப் பின்னாலை நான் இருக்கிறதோ" எண்டா. பிறகு சிரிச்சுப்போட்டு, "அங்கை இருந்தா அவன்ர வழுக்கையையும் பாக்கலாமெல்லோ" எண்டா. ஆனால் மன்றத்துச் சாமானைக் கேக்காமல் மாத்தினது பிடிபட்டா கார்த் திறப்பை வாங்கிடுவினம், பிறகு அவவை ஏத்த ஆளே இல்லை. கேட்டுட்டுச் செய்யிறதெண்டா திரும்ப விளக்கேத்தலிலை இருந்து தொடங்கோணும். வெள்ளிக்கிழமை வேர்க்ஸ்டெட் பின்னேரம் சும்மா கிடக்கு, ஸ்பனர் எல்லாம் எடுத்து வைச்சிட்டன், மாத்தட்டோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?